கோட்டை விட்ட டீச்சர்

கமா டீச்சர் இங்கிலீஷில் எப்போதும் கடைசியாகத்தான் சிரிப்பார். தமிழில் என்றால் அவரை முந்திக்கொண்டு சிரிக்க ஆளே கிடையாது. வேடிக்கை சொல்கிறவர் பாதியில் இருக்கும்போதே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்க ஆரம்பித்துவிடுவார். இங்கிலீஷில் கதை வேறு. ஆசிரியர் கூட்டத்துக்கு வெளியிலிருந்து யாராவது வந்து இங்கிலீஷில் பொளந்துகட்டுவார்கள், நடுவில் ஒரு ஜோக்கை அவிழ்த்துவிடுவார்கள். முன்வரிசை சிரிக்கும். டீச்சர் பக்கத்து நாற்காலியைப் பார்ப்பார். அந்த முகமும் சிரிக்கிறது என்று உறுதியான பிறகு பல் தெரியச் சிரிப்பார். அதற்குள் பேச்சாளர் ஏதோ துக்கமான விஷயத்துக்குப் போயிருப்பார், டீச்சர் மட்டும் சிரித்துக்கொண்டிருப்பார்.

இத்தனைக்கும் டீச்சர் சொல்லிக்கொடுப்பதே இங்கிலீஷ்தான்.

அதற்காக அவரைக் குறைத்து எடைபோட்டுவிட வேண்டாம். அச்சடித்த இங்கிலீஷ் என்றால் அவர் புலி. ஒரு கமா இடம் மாறி உட்கார்ந்திருந்தால் நாலு பெஞ்சுக்கு அப்பாலிருந்தே கண்டுபிடிப்பார். பிள்ளைகளைக் கமாவுக்காகப் போட்டு வாட்டியதில்தான் அந்தப் பேரே வந்தது, அது அவருக்கும் தெரியும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆனால் அவர் படித்த காலத்தில் இங்கிலீஷ் என்பது கரும்பலகையில் எழுதிப்போடுகிற பாடம். அதை யாரும் வாயால் பேசிக் கேட்டதில்லை. கண் வழியாக உள்ளே போன பாஷை காதுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ரேடியோவில் இங்கிலீஷ் ஓடினால் முதல் வாக்கியம் புரியும், ரெண்டாவது அரைகுறை, மூன்றாவதிலிருந்து தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி ஒரே சத்தம். இது அவர் கட்டிக்காத்த ரகசியம். வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த வருஷம் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் புதிதாக ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். ரேடியோவிலும் டிவியிலும் வந்த பேச்சை ஒலிக்கவிடுவார்களாம், பிள்ளைகள் காதால் கேட்டு விடை எழுத வேண்டுமாம். சுற்றறிக்கையை டீச்சர் ரெண்டு தடவை படித்தார். படித்த அன்றே தலைமை ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். கணக்கு வாத்தியாராக இருந்து மேலே வந்தவர் அவர். எதையும் கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் பேசுவார்.

"டீச்சர், இந்தக் கேக்கற பரீட்சைக்குப் பசங்களைத் தயார் பண்ணிடுவீங்கல்ல?"

"அதுக்கென்ன சார், பண்ணிட்டாப் போச்சு," என்றார் டீச்சர். வாய் தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"வருஷக் கடைசிக்குள்ள மேலிடத்துல இருந்து ஒரு அதிகாரி வர்றாங்க. அவங்களே ரெக்கார்டிங் கொண்டுவந்து போட்டுப் பாப்பாங்களாம். நம்ம பசங்க திருதிருன்னு முழிச்சாங்கன்னா, பத்தாம் வகுப்பை நம்ம புது சார்கிட்ட குடுத்துடலாம்னு பாக்கறேன். அவரு இங்கிலீஷ் படமாப் பாத்து வளர்ந்த ஆளு. உங்களுக்கும் சின்ன கிளாஸ்னா சுமை குறையும்."

சுமையாம் சுமை! பத்தாம் வகுப்பு டீச்சருக்கு உயிர். அந்த வயசில்தான் பிள்ளைகள் எதிர்த்துப் பேசத் தொடங்குவார்கள், மீசை முளைக்கிறவனுக்கும் கண்ணாடி முன்னால் நிற்கிறவளுக்கும் திடீரென்று சொந்தமாக ஒரு கருத்து வந்துவிடும். அவர்களோடு மல்லுக்கட்டாத ஒரு நாள் அவருக்கு நாளாகவே தோன்றாது. அதைப் பிடுங்கிக்கொண்டு சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடு என்றால், அதற்குப் பேசாமல் வேலையை விட்டுவிடலாம். சிரித்த முகத்தோடு "பாத்துக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

முதல் சில வாரம் சமாளித்துவிட்டார். பாடப் புத்தகத்தோடு வந்த ரெக்கார்டிங்குகளுக்கு, ஆசிரியர் கையேட்டின் பின்பக்கத்தில் பேசுவது முழுவதும் அச்சடித்துக் கிடந்தது. அச்சு கிடைத்தால் போதாதா? டீச்சர் முந்தின நாளே கரைத்துக் குடித்துவிடுவார். வகுப்பில் காலைக் கூட்டத்துக்கு வைத்திருக்கும் பெரிய ஸ்பீக்கரை மேஜையில் ஏற்றி, பஸ் சத்தம் வராமலிருக்க ஜன்னலைச் சாத்தி, கடகடவென்று உறுமுகிற ஃபேனையும் நிறுத்திவிடுவார். ரெண்டாம் மாடி, மொட்டை மாடிக்கு நேர்கீழே. பிள்ளைகளுக்கு வியர்த்து ஊற்றும்.

"டீச்சர், ஃபேனா இங்கிலீஷா, ஏதாவது ஒண்ணு குடுங்க டீச்சர்," என்று கடைசி பெஞ்சிலிருந்து தூங்குமூஞ்சி கெஞ்சுவான். கண்ணை மூடிக்கொண்டுதான் பாடம் கேட்பான் என்பதால் வந்த பேர்.

ரெக்கார்டிங் ஓடும்போது டீச்சர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிற மாதிரி நிற்பார். முடிந்ததும், "கேட்டீங்களா? அந்த அம்மா கடைசியில என்ன சொன்னாங்க?" என்பார். "கேட்டோம் டீச்சர்!" என்று வகுப்பே கத்தும். யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை. டீச்சர் விடையை எழுதிப்போடுவார், அவர்கள் பார்த்து எழுதிக்கொள்வார்கள். ரெண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் அழகாக ஏமாற்றிக்கொண்டு சந்தோஷமாக இருந்தார்கள்.

இதில் மண் அள்ளிப் போட்டவர் புது சார். நல்ல மனுஷர்தான், பாவம், உதவி செய்வதாக நினைத்துத்தான் செய்தார். ஒரு நாள் ஆசிரியர் அறையில் ஒரு பென் டிரைவை நீட்டினார்.

"டீச்சர், புத்தகத்துல வர்றதெல்லாம் ஸ்டூடியோவுல உக்காந்து நிறுத்தி நிறுத்திப் பேசினது. இது நிஜ ரேடியோ. உங்க கிளாஸுக்காகவே பிடிச்சு வெச்சேன். போட்டுப் பாருங்க, சூப்பரா இருக்கும்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. இதுல பேசறது எழுத்துல இருக்கா?"

"எழுத்தா? எதுக்கு டீச்சர், உங்களுக்கா?" என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். டீச்சரும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தார்.

அன்று சாயந்தரம் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, பென் டிரைவில் இருந்ததைப் போனில் ஏற்றி, அதைக் காதோடு ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ரேடியோ நிகழ்ச்சி ஒன்றுக்கு ஒரு ஆள் போன் பண்ணி, ரயிலில் எதையோ தொலைத்துவிட்டதாகப் புலம்புகிறான். காதில் விழுவதை இங்கிலீஷ் எழுத்தில் பிடிக்கலாம் என்றால், ஸ்பெல்லிங் யோசிப்பதற்குள் அந்த ஆள் மூன்று வாக்கியம் தாண்டிவிடுகிறான். சரி என்று, விழுந்ததை விழுந்தபடியே தமிழ் எழுத்தில் கிறுக்கினார். அங்கேதான் வந்தது வினை. தமிழில் இருக்கிறது ஒரே ஒரு 'க'. ஆட்டுக்கும் இங்கிலீஷில் 'கோட்', குளிருக்குப் போட்டுக்கொள்கிற சட்டைக்கும் 'கோட்'. அவன் சொன்னது என்னவோ சட்டையைத்தான். டீச்சர் காகிதத்தில் எழுதியதும் 'கோட்' என்றுதான். திருப்பிப் படித்தபோது டீச்சர் கண்ணுக்குத் தெரிந்தது ஆடு.

எழுதியிருந்த மிச்சமும் ஆட்டுக்குப் பொருத்தமாகவே இருந்தது. பழுப்பு நிறம். அப்பா வைத்திருந்தது, அவருக்குப் பிறகு இவனிடம் வந்தது. வயசாகிவிட்டது, ஆனாலும் கிட்டே இருந்தால் கதகதவென்று இருக்கும். அதன் நாற்றம் பெண்டாட்டிக்குப் பிடிக்காது. கடைசியாக ஜன்னல் பக்கத்தில் பார்த்தான். பாவம், ஆட்டின் மேல் எவ்வளவு பாசம் என்று டீச்சருக்கு மனசே கனத்துவிட்டது. முதல் தடவையாக ஒரு நிஜ ரேடியோப் பேச்சு முழுசாகப் புரிந்த சந்தோஷத்தில் அன்று சாப்பாடுகூடக் கொஞ்சம் தூக்கலாக அமைந்தது.

மறுநாள் வகுப்பில் அவர் நடையே வேறாக இருந்தது. ரெக்கார்டிங்கைப் போடுவதற்கு முன்னாலேயே கதையைச் சொல்லிவிட்டார். "ஒரு மனுஷன். அவனுக்கு ஒரு ஆடு. ரயில்ல போகும்போது அதைத் தொலைச்சுட்டான். இப்ப கேளுங்க." கேட்டார்கள். முன் பெஞ்சில் ஒரு பெண், எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பாள் என்பதால் அவளுக்கு 'ஏன்' என்றே பேர். அவள் கை தூக்கினாள்.

"டீச்சர், மூணு பித்தான் இருக்கு, ஒண்ணு விழுந்துடுச்சுன்னு சொல்றாரே. ஆட்டுக்கு ஏன் டீச்சர் பித்தான்?"

பித்தான் டீச்சர் காதிலும் விழுந்திருந்தது. நேற்று அதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தார்.

"அது குளிர் பிரதேசம். அங்க ஆட்டுக்கும் சட்டை மாட்டிவிடுவாங்க," என்றார் கொஞ்சமும் அசராமல்.

வகுப்பு அதை ஏற்றுக்கொண்டது. குளிர் பிரதேசத்தில் என்ன வேண்டுமானாலும் நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. 'ஏன்' மட்டும் விடவில்லை.

"உள்ள சிவப்புத் துணின்னும் சொல்றாரு டீச்சர்."

"சட்டைக்கு உள்பக்கம்மா. லைனிங்."

"கடைசியில, பாக்கெட்ல பாதி ரொட்டி இருக்கு, அதை யாரும் சாப்பிட வேண்டாம்னு சொல்றாரே?"

"ஆட்டுக்குப் பாக்கெட்டா!" என்று தூங்குமூஞ்சி கண்ணையே திறந்துவிட்டான். "டீச்சர், அது கங்காருவா இருக்கும் டீச்சர்!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பித்தான், லைனிங், பாக்கெட், பழுப்பு நிறம், கதகதப்பு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அவர் கண் முன்னாலேயே ஒரு பழைய சட்டையாக மாறி ரயில் ஜன்னல் பக்கத்துக் கொக்கியில் தொங்கியது. நல்ல வேளையாக மணி அடித்தது. "மிச்சத்தை நாளைக்குப் பாக்கலாம்," என்று ஸ்பீக்கரைக்கூட எடுக்காமல் வெளியேறினார்.

டீச்சரின் வீட்டுக்காரர் தையல்காரர். வீட்டு முன்னறைதான் கடை. டீச்சர் வந்ததும் வராததுமாக வெட்டுமேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து, கொட்டித் தீர்த்துவிட்டார். ஆடு, பித்தான், கங்காரு எல்லாவற்றையும் சொன்னார். அதோடு நிற்காமல், இத்தனை வருஷம் மென்று முழுங்கிக்கொண்டிருந்ததையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

"எனக்கு இங்கிலீஷ் கேக்கத் தெரியாதுங்க. படிக்கத்தான் தெரியும். கேட்டா ஒண்ணும் புரியாது. எப்பவுமே புரிஞ்சதில்லை."

தையல்காரர் மிஷினை நிறுத்தினார். அவர் முகம் என்னவோ போல் ஆனது. கோபப்படப்போகிறாரா, வருத்தப்படப்போகிறாரா என்று டீச்சருக்குத் தெரியவில்லை. ரெண்டும் இல்லை, அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"ஆட்டுக்கு லைனிங் வெச்சுத் தைக்கிறதுன்னா, முதல்ல அளவு எப்படி எடுக்கறது? அது நிக்குமா?"

"நான் என்ன சொல்லிட்டிருக்கேன், நீங்க என்ன பேசறீங்க?"

"இல்ல, அந்த ஆளு ரயில்ல கோட்டை விட்டான். நீ கிளாஸ்ல கோட்டை விட்டுட்டே!"

டீச்சர் முறைத்தார். முறைத்துப் பார்த்தும் பயனில்லை, உதடு அவர் பேச்சைக் கேட்கவில்லை. ரெண்டு பேரும் சிரித்தார்கள். தையல்காரர் வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்து வைத்துவிட்டுச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அளவு கொடுக்க வந்த ஒருவர் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, அப்புறம் வரலாம் என்று போய்விட்டார். மானம் கப்பலேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வந்த டீச்சருக்கு, சிரித்து முடித்ததும் பசி எடுத்தது. இத்தனை வருஷம் எதற்காக இவ்வளவு பயந்தோம் என்று அவருக்கே ஆத்திரமாக வந்தது.

மறுநாள் வகுப்புக்குள் நுழைந்ததும் டீச்சர் சுற்றி வளைக்கவில்லை.

"நேத்து அது ஆடு இல்லை. கோட்டு. சட்டைக்கு மேல போடறது. எனக்குச் சரியாக் கேக்கலை, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. பிறகு தூங்குமூஞ்சி மெதுவாக எழுந்தான். அவன் பாடவேளையில் தானாக எழுந்து நின்றதை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை.

"அப்ப எங்களுக்கும் கேக்கலைன்னு சொல்லலாமா டீச்சர்?"

"உனக்கு எது கேக்கலை?"

"எதுவுமே டீச்சர். வருஷ ஆரம்பத்துல இருந்து."

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. எனக்கும் கேக்கலை, எனக்கும் கேக்கலை என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான் முதலில் கத்தினார்கள். 'ஏன்' மட்டும், "எனக்குப் பாதி கேட்டுச்சு டீச்சர், அதான் பித்தானைப் பத்திக் கேட்டேன்," என்றாள். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். கோபம் வர வேண்டியதுதான், வரவில்லை. தன்னைப் போலவே ஒரு வகுப்பு நிறைய ஆள் இருக்கிறது என்று தெரிந்ததில் அவருக்கு ஒரு தெம்புதான் வந்தது.

அன்றிலிருந்து வகுப்பில் ஒரு புதுச் சட்டம். ரெக்கார்டிங் ஓடும்போது யாருக்கு ஒரு வார்த்தை இதுவா அதுவா என்று சந்தேகம் வந்தாலும் உடனே "ஆடு!" என்று கத்த வேண்டும். டீச்சர் நிறுத்துவார். ஆடா, கோட்டா? முன்னால் என்ன வந்தது, பின்னால் என்ன வருகிறது, பித்தான் இருக்கிறதா, பாக்கெட் இருக்கிறதா என்று எல்லாருமாகச் சேர்ந்து அலசுவார்கள். பிறகு மறுபடி போடுவார்கள். ஒரு சமையல் நிகழ்ச்சியில் பேரிக்காயைப் பொடியாக நறுக்கச் சொன்னதை வகுப்பே கரடி என்று கேட்டுப் பதறியது. தமிழ் எழுத்தில் ரெண்டும் ஒரே 'பேர்' அல்லவா! அடுப்பில் வைக்கிற சாமானாக இருக்கிறதே என்று 'ஏன்' கேட்ட பிறகுதான் கரடியின் உயிர் தப்பியது. "ஆடு!" என்று மற்ற யாரையும்விட அதிகமாகக் கத்தியது டீச்சர்தான். வெட்கமே படவில்லை. கத்திவிட்டு, "எனக்கு என்னமோ இந்த 'பார்க்' பூங்கா மாதிரி தெரியுது, உங்களுக்கு?" என்பார். "இல்ல டீச்சர், நாய் குரைக்குது!" என்று பதில் வரும்.

வீட்டிலும் இதே கூத்து. சமையலறையில் ரேடியோ பேசிக்கொண்டே இருக்கும். டீச்சர் கரண்டியைத் தூக்கிப் பிடித்து "ஷ்!" என்றால் முன்னறையில் மிஷின் நின்றுவிட வேண்டும். "என்ன, ஆடு வந்துடுச்சா?" என்று தையல்காரர் குரல் கொடுப்பார். மழை மாதிரி இருந்த சத்தத்தில் அங்கங்கே துளி துளியாக வார்த்தை தெரியத் தொடங்கியது. சில நாள் அதுவும் தெரியாது. அன்றைக்கு ரேடியோவைத் திட்டி அணைத்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் மறுபடி போடுவார்.

ஒரு நாள் தலைமை ஆசிரியர் மூச்சு வாங்க ரெண்டாம் மாடிக்கு ஏறி வந்தார். வகுப்பு வாசலில் நின்று பெஞ்சுக்கடியிலெல்லாம் குனிந்து பார்த்தார்.

"எங்க டீச்சர் அது?"

"எது சார்?"

"ஆடு. கீழ வரைக்கும் கேக்குது. யாரோ பசங்க ஓட்டிட்டு வந்துட்டாங்கன்னு பக்கத்து கிளாஸ்ல புகார் பண்றாங்க."

டீச்சர் விளக்கினார். விளக்க விளக்கத் தலைமை ஆசிரியர் முகம் இறுகிக்கொண்டே போனது. கேட்காத வார்த்தைக்கெல்லாம் பிள்ளைகள் ஆடு ஆடு என்று கத்துகிறார்கள், டீச்சரும் கூடக் கத்துகிறார் என்பது அவர் கணக்கில் எந்தப் பக்கம் போட்டாலும் கழித்தலாகத்தான் வந்தது. "அடுத்த வாரம் அதிகாரி வர்றாங்க டீச்சர். அவங்க முன்னாடி யாராவது ஆடுன்னு வாயைத் திறந்தா, அதோட சரி. பத்தாம் வகுப்பு கை மாறிடும்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கை மாறினால் தாங்க முடியுமா என்று டீச்சர் யோசித்துப் பார்த்தார். முடியாது என்றுதான் தோன்றியது.

அதிகாரி அம்மா சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்தார். கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பழக்கம் அவருக்கு. சட்டங்களை ஒப்பித்தார். ரெக்கார்டிங் ரெண்டு தடவை ஓடும், யாரும் பேசக் கூடாது. டீச்சர் பின்சுவர் ஓரமாக நிற்க வேண்டும், கையாலோ கண்ணாலோ எந்தச் சைகையும் காட்டக் கூடாது. தலைமை ஆசிரியர் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். ஜன்னலைச் சாத்தினார்கள், ஃபேன் நின்றது.

ஒரு ரேடியோப் பேட்டி. ஏதோ ஒரு ஊரில் தங்கும் விடுதி நடத்தி ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம், தங்க வருகிறவர்கள் அறையில் எதையெல்லாம் மறந்துவிட்டுப் போவார்கள் என்று கேட்கிறார்கள். பெரியவர் குரல் கரகரவென்று இருந்தது, வார்த்தைகளை வேறு பாதி முழுங்கினார். தூங்குமூஞ்சி ஒரு இடத்தில் வாயைத் திறந்து 'ஆ' வரைக்கும் வந்துவிட்டான். பக்கத்திலிருந்தவன் அவன் வாயைப் பொத்தினான். டீச்சருக்கு உயிர் போய் வந்தது.

பிள்ளைகள் எழுதுகிறார்களா என்று பார்த்துக்கொண்டேதான் டீச்சர் நின்றிருந்தார். எப்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெரியவர் பின்னால் போனார் என்று அவருக்கே தெரியாது. குடை, ஒற்றைச் செருப்பு, கல்யாணப் போட்டோ, இப்படிச் சொல்லிக்கொண்டே வந்த பெரியவர், ஒரு அறையில் கட்டிலுக்கு அடியில் ஒரு பல் செட் கிடந்தது என்றார். மாதக் கடைசியில் சுத்தம் செய்யும்போதுதான் கண்ணில் பட்டதாம். அதன் சொந்தக்காரர் கேட்கவில்லையா என்றாள் பேட்டி எடுத்தவள். பெரியவர் ரொம்ப நிதானமாகச் சொன்னார். கேட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அந்த மாதம் முழுக்க யாரோ ஒருத்தர் தினம் போன் பண்ணினார். அவர் என்ன சொல்கிறார் என்று எங்களில் ஒருத்தருக்கும் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

வகுப்பு அமைதியாக இருந்தது. பின்சுவர் பக்கத்திலிருந்து வெடித்தது ஒரு சிரிப்பு.

டீச்சர் ரெண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கைக்குள்ளிருந்தும் வந்தது. பல் இல்லாமல் போனைப் பிடித்துக்கொண்டு ஒரு மனுஷன் நிற்பது கண்ணுக்கு நேராகத் தெரிந்தால் பாவம் என்னதான் செய்வார்! அதிகாரி அம்மா ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"டீச்சர்! நாலாவது கேள்வியே அதுதான். போன் பண்ணினது யார்னு. நீங்க விடையைச் சொல்லிட்டீங்க."

"நான் வாயே திறக்கலைம்மா."

"திறந்தீங்க. நல்லாவே திறந்தீங்க. நாலாவது கேள்வி ரத்து."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். எல்லாம் கெட்டுப்போயிற்று, பத்தாம் வகுப்பு போயிற்று என்று மனசு அடித்துக்கொண்டது. அதே மனசுக்குள் ஒரு மூலையில் இன்னொரு குரல் குதித்துக்கொண்டிருந்தது. யார் முகத்தையும் பார்க்கவில்லை, நானாகச் சிரித்தேன், எல்லாருக்கும் முன்னால் சிரித்தேன் என்று.

ரெண்டாவது தடவை ரெக்கார்டிங் ஓடியது. பல் செட் வருகிற இடத்துக்காக வகுப்பே பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தது. வந்தது. புரிந்தவர்கள் முதலில், பிறகு அவர்களைத் தொட்டுக்கொண்டு இருந்தவர்கள் என்று சிரிப்பு பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் வந்தது. அதிகாரி அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு காகிதங்களைச் சரிசெய்தார். எல்லாரும் சிரித்து ஓய்கிற நேரத்தில், வாசல் நிலையில் நின்ற தலைமை ஆசிரியர் பிள்ளைகளைப் பார்த்தார், அதிகாரி அம்மாவைப் பார்த்தார், பிறகு பல் தெரியச் சிரித்தார்.

டீச்சர் அதைப் பார்த்துவிட்டார். அந்தச் சிரிப்பை அவருக்கு நன்றாகத் தெரியும்.

விடைகளைப் புரட்டிப் பார்த்த அதிகாரி அம்மா, "முதல் மூணும் அனேகமா எல்லாரும் சரியா எழுதியிருக்காங்க. அஞ்சாவதுல சில பேரு கோட்டை விட்டிருக்காங்க," என்றார். வகுப்பு ஏன் திடீரென்று களுக்கென்று சிரித்தது என்று அவருக்குப் புரியவில்லை. "பரவாயில்லை. நான் போன பள்ளிக்கூடங்கள்ல இவ்வளவுகூட எங்கயும் வரலை. டீச்சர் மட்டும் கொஞ்சம் அடக்கமா கேக்கப் பழகணும்." அதைச் சொல்லும்போது கண்ணாடி வழியாகவே பார்த்தார். டீச்சர் கை கூப்பாத குறையாகத் தலையாட்டினார்.

அவரை வழியனுப்பிவிட்டு வந்த தலைமை ஆசிரியர் மாடிப்படியில் டீச்சரைப் பிடித்தார்.

"பத்தாம் வகுப்பு உங்ககிட்டயே இருக்கட்டும் டீச்சர். புது சாருக்கு வேற பாத்துக்கலாம். ஆட்டை மட்டும் கொஞ்சம் சத்தம் கம்மியா மேய்ச்சுக்குங்க."

"சரிங்க சார்!" என்றார் டீச்சர். அங்கேயே ஒரு ஆட்டம் போடலாம் போலிருந்தது.

பேச்சு முடிந்துவிட்டது, ஆனால் தலைமை ஆசிரியர் போகவில்லை. கைப்பிடியைத் தடவிக்கொண்டு நின்றார். "நல்ல ரெக்கார்டிங் இல்ல? அந்தப் பெரியவரு பேசினது. ரொம்ப வேடிக்கை," என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"ஆமா சார்."

"ரொம்ப வேடிக்கை," என்றார் மறுபடியும்.

கேட்கவும் முடியாமல் போகவும் முடியாமல் நிற்கிற அந்த நிற்பை டீச்சர் எத்தனை கூட்டத்து வாசலில் நின்றிருப்பார்! தலைமை ஆசிரியர் வாய்விட்டுக் கேட்கும்படி டீச்சர் விடவில்லை. தானாக நினைத்துக்கொண்டு சொல்வது போல ஆரம்பித்தார்.

"எனக்கு அந்த போன் பண்ணின மனுஷனை நெனைச்சாத்தான் சார் பாவமா இருக்கு. பல் செட்டு இங்க ரூம்ல கட்டிலுக்கு அடியில கெடக்கு. அவரு அங்க பல் இல்லாத வாயோட, என் பல்லு எங்க, என் பல்லு எங்கன்னு தினம் போன்ல கத்தறாரு. எடுக்கறவனுக்கு ஒரு எழுத்து புரியுமா சார்?"

தலைமை ஆசிரியர் சுவரைப் பார்த்தபடியே இருந்தார். அவர் உதடு மட்டும் மெதுவாக அசைந்தது, மனக்கணக்குப் போடுகிற மாதிரி. "எம் பவ்வு..." என்று பல்லை மறைத்துச் சொல்லிப் பார்த்தார். "எம் பவ்வு எங்க..." அவ்வளவுதான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தோள் குலுங்க, மூச்சு முட்ட, அந்த மாடிப்படி முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். மேலே ஜன்னல்களில் பத்தாம் வகுப்புத் தலைகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. டீச்சரும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் தாமதமாகத்தான். தலைமை ஆசிரியர் சிரிப்பதை முழுசாகப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.